டுரியான் மரத்துக்கு இரண்டு லாயர்கள்

விவாகரத்துச் சட்டத்தை நான் ஒரு சன்னல் வழியாகத்தான் படித்தேன்.

கோலா சாவாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குச் சொந்தமான எண்ணெய் ஆலை இருக்கிறது. அதன் வாசலில் லோரிகளை நிறுக்கும் பெரிய தராசு. அதை ஒட்டிய சின்ன அறையில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. செம்பனைக் குலைகளோடு வரும் லோரி தராசில் ஏறி நிற்கும். எடையைக் குறித்துக்கொள்வேன். உள்ளே போய்க் குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது மறுபடியும் ஏறும். அதையும் குறித்து, முதல் எடையிலிருந்து கழித்து, சீட்டு எழுதிச் சன்னல் வழியாக நீட்டுவேன். அந்தச் சன்னல்தான் என் சட்டக் கல்லூரி. லோரி ஓட்டுநர்கள்தான் பேராசிரியர்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு சங்கடம் இருந்தது. பாடத்தின் முதல் பாதி குலையோடு வரும், மறுபாதி வெறும் லோரியோடு வரும். "என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான் கோர்ட்டுக்குப் போனான் கிராணி, கடைசியில என்னா ஆச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் உள்ளே போய்விடுவார். அரைமணி நேரம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது, "வீட்ட வித்துட்டாங்க லா. வித்த காசு முழுக்க லாயருக்கு. இப்ப அவன் தங்கச்சி வீட்டு ஹாலுல படுத்துக் கெடக்கான்" என்று முடித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். முதல் சில வருடங்கள் இருவரும் தோட்டத்துக் குவாட்டர்ஸில்தான் இருந்தோம். மகளைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும் அம்பாங்கானில் ஒரு வரிசை வீட்டைக் கடன் போட்டு, இரண்டு பேர் பெயரிலும் வாங்கினோம். மனைவியும் மகளும் அங்கே. ஆலையில் விடிகாலையிலேயே வேலை தொடங்கும் என்பதால் நான் வாரம் முழுக்க குவாட்டர்ஸில், சனிக்கிழமை மட்டும் வீட்டில். இப்படியே வருடங்கள் ஓடின. சனிக்கிழமைக் கணவன் என்பவன் நாளாக ஆக விருந்தாளி ஆகிவிடுவான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மனைவி தே கலக்கிக்கொண்டே, "சீனி போடலாமா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வியா அது? நானும், "போடுங்க" என்றேன். அவளை நான் அதுவரை வாங்க போங்க என்று கூப்பிட்டதே இல்லை.

சண்டை கிடையாது, அடிதடி கிடையாது, மூன்றாம் ஆள் கிடையாது. மகள் நர்ஸாகி போர்டிக்சனில் வேலைக்குச் சேர்ந்த வருடம், இருவரும் ஹாலில் உட்கார்ந்து பிரிந்துவிடலாம் என்று பேசினோம். ஒரு தே ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டோம். அவ்வளவு மரியாதையாக நாங்கள் எதையும் பேசியதில்லை. இருபத்தாறு வருடத்தைக் கலைக்க அந்த ஒரு தே போதுமாக இருந்தது. வீட்டையும் தட்டுமுட்டுச் சாமானையும் பங்கு போட மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த ஒரு வருடத்துக்கு முழுக் காரணமும் நான்தான்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துக் குவாட்டர்ஸ் வேலையோடு ஒட்டிய வீடு. அறுபது வயதில் வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த கூரை, அம்பாங்கான் வீட்டில் பாதிக் கூரை. அதுவும் போய்விட்டால் நான் எங்கே போவேன்? இதை மனைவியிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சன்னலில் வந்த பேராசிரியர்கள் விடவில்லை.

"வீடு ரெண்டு பேர்லயா இருக்கு கிராணி? அப்ப முடிஞ்சிச்சி."

"முந்திக்கணும் அண்ணே. யாரு மொதல்ல லாயரு பாக்குறாங்களோ அவங்களுக்குத்தான் வீடு."

"சாமானெல்லாம் மொதல்ல அப்புறப்படுத்துங்க. அவங்க வந்து லிஸ்ட் எழுதிட்டாங்கனா உங்க பல்லு செட்டுலகூட பாதி கேப்பாங்க."

எனக்குப் பல் செட்டு கிடையாது. இருந்தும் அன்று மாலை கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அம்பாங்கான் வீட்டிலிருந்து சாமான்களைக் காரில் அள்ளிப் போட்டேன். காராவோக்கே செட்டு, மகள் வாங்கிக் கொடுத்த ஏர் ஃபிரையர், மாவு அரைக்கும் கிரைண்டர், ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தோட்டத்துக் கூட்டாளி ஒருவன் வீட்டில் இறக்கினேன். "யாருக்கும் சொல்லாத மச்சான்" என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். அவனும் உண்மையிலேயே யாருக்கும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டிதான் அன்று பொழுது சாய்வதற்குள் என் மனைவிக்குப் போன் போட்டு, "அக்கா, இந்த ஏர் ஃபிரையர்ல கோழி எத்தன நிமிசம் வெக்கணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அதைவிட மோசம், அந்தக் குத்துவிளக்கு மனைவியின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவளுக்குச் சொந்தமான சாமானை நான் அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். மகள் போனில் கேட்டாள்: "அப்பா, நீங்க டிவோர்ஸ் பண்றீங்களா, திருடுறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

திருடன் என்று பெயர் வந்த பிறகு பின்வாங்க முடியுமா? சிரம்பானில் ஒரு லாயரம்மாவைப் பார்க்கப் போனேன். மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மேசையில் காகிதம் மலைபோலக் கிடந்தது. நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், உங்களுக்கு என்னா வேணும்?" என்றார்.

"நியாயம் வேணும்மா."

"அது இருக்கு. வெல கொஞ்சம் கூட. வேற ஏதாச்சும்?"

அவர் விரல்விட்டுச் சொன்னார். இருவரும் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டால் சேர்ந்து ஒரே மனு. ஒரே லாயர் போதும், பெரும்பாலும் ஒரே ஒரு தடவை கோர்ட்டு ஏறினால் முடிந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் பதிவிலாகாவில் சமரசக் குழு, பிறகு ஆளுக்கொரு லாயர், ஆளுக்கொரு சத்தியப் பிரமாணம், வீட்டுக்கு விலை மதிக்க ஆளுக்கொரு நிபுணர், வழக்கு, தவணை, மறு தவணை. "கடைசியில ஜட்ஜ், வீட்ட வித்துப் பங்கு போடுங்கன்னு சொன்னாலும் சொல்லலாம். நீங்க அனுப்புற ஒவ்வொரு லெட்டருக்கும் நான் பில்லு போடுவேன் அங்கிள். போன்ல பேசுனாலும் போடுவேன். இங்க உக்காந்து அழுதாலும் போடுவேன். டிஸ்யூ மட்டும் ஃப்ரீ."

இவ்வளவு தெளிவாக ஒரு லாயர் சொன்னால் மூளை உள்ளவன் எழுந்து போய் மனைவியோடு பேசியிருப்பான். என் காதில் விழுந்தது "வீட்ட வித்து" என்ற இரண்டு வார்த்தைதான். "லெட்டர் அனுப்புங்கம்மா" என்றேன்.

முதல் லெட்டர் காராவோக்கே செட்டு என்னுடையது என்றது. மனைவியும் ஒரு லாயர் பிடித்தாள். பதில் லெட்டர், செட்டை அவர் வைத்துக்கொள்ளட்டும், அவர் பாடுவதைக் கேட்ட இருபத்தாறு வருடத்துக்கு என்ன நட்ட ஈடு என்று கேட்காத குறை. குத்துவிளக்கைத் திருப்பிக் கொடுக்க ஒரு லெட்டர். கொடுத்தாயிற்று என்று ஒரு லெட்டர். திரி வைக்கும் மேல் பாகம் வரவில்லை என்று இன்னொரு லெட்டர். இரண்டு லாயர் ஆபீசும் சிரம்பானில் ஒரே ரோட்டில் எதிரெதிரே இருந்தன. இந்தப் பக்கத்துக் காகிதம் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போவதற்கு நான் கொடுத்த காசில் போர்டிக்சனுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கி, கடலில் குளித்துவிட்டு வந்திருக்கலாம்.

பிறகுதான் டுரியான் மரம் வந்தது.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு டுரியான் மரம் நிற்கிறது. கல்யாணமான புதிதில் மனைவி பழம் தின்றுவிட்டுக் கொட்டையை அடுப்படிக்குப் பின்னால் புதைத்தாள். முளைத்ததும் காட்டுப்பன்றி தோண்டாமல் இருக்க நான் வேலி அடைத்தேன். இப்போது ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரம். சீசனில் பழத்தைப் பொறுக்கி ரோட்டோரக் கடைக்குக் கொடுப்பேன். பெரிய பணமில்லை, கைச்செலவுக்கு ஆகும்.

ஒருநாள் ஓட்டுநர் ஒருவர் எடைச்சீட்டை வாங்கிக்கொண்டே, "மரமும் சொத்துதான் கிராணி. வருமானம் வருதுல்ல? பாதி கேப்பாங்க பாருங்க" என்றார். எனக்கு உச்சந்தலை சுட்டது. வீடு போகப்போகிறது, கூரை போகப்போகிறது, மிச்சமிருக்கும் ஒரு மரமும் போகப்போகிறது! லாயரம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

"அங்கிள், நிஜமாவா?"

"நிஜமாத்தாம்மா."

"டுரியான் மரமா?"

"ஆமா. நல்ல சாதி."

'மேற்படி டுரியான் மரம்' என்று ஆங்கிலத்தில் அழகாக ஒரு லெட்டர் போனது. மரத்தின் மேல் என் கட்சிக்காரருக்கு முழு உரிமை உண்டு என்று அதில் இருந்தது. நகலை நான்கு தடவை படித்தேன். எனக்கே ஒரு மிராசுதார் களை வந்துவிட்டது. பத்தாவது நாள் பதில்: மேற்படி மரத்தை நட்டது எங்கள் கட்சிக்காரர், மேற்படி கொட்டை எங்கள் கட்சிக்காரர் சொந்தக் காசில் வாங்கிய பழத்தில் இருந்தது. நான் விடுவேனா? வேலி அடைத்த ஆதாரத்துக்காக மரத்தோடு நின்று படம் எடுத்து அனுப்பினேன். மரமும் நானும் கல்யாணப் படம்போல இருந்தோம்.

இந்தச் சங்கதியும் ஓட்டுநர்கள் வாயால் ஆலை முழுக்கப் பரவி, மேனேஜர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கூப்பிட்டு அனுப்பினார். மலாய்க்காரர், சத்தமே போட மாட்டார், அதுதான் பயம். என்னை உட்காரச் சொல்லவில்லை. "எந்த மரம் அது?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். எழுந்து என்னை ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறிவிப்புப் பலகையில் ஒரு பழைய தாளைத் தொட்டுக் காட்டி, "சத்தமாகப் படியுங்கள்" என்றார்.

படித்தேன். குடியிருப்பைச் சுற்றித் தொழிலாளர்களும் கிராணிமார்களும் நட்ட மரங்கள் யாவும் தோட்டத்துக்கே சொந்தம், யாரும் அவற்றை விற்கவோ உரிமை கோரவோ கூடாது. கீழே, தட்டச்சு செய்தவர் என்று என் கையெழுத்து.

தோட்டத்தில் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, ஆனால் கொல்லையில் நட்ட மரத்தை மட்டும் எல்லாரும் தங்கள் சொத்து என்றே நினைப்பார்கள். வீடு மாறிப் போகிறவர்கள் அடுத்து வருகிறவரிடம் மாமரத்துக்குக் காசு கேட்பார்கள். வாழைக் கட்டைக்காக அக்கம்பக்கத்தில் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அந்தத் தகராறுகளை நிறுத்தத்தான் அந்த அறிவிப்பே வந்தது. அதைத் தட்டி, ஒட்டி, பலாமரத்துக்குச் சண்டை போட்ட இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இங்கிலீஷ்ல எழுதியிருக்கில்ல, அறிவில்ல?" என்று திட்டியவன் நான். அதே நான், அதே மாதிரி ஒரு மரத்துக்கு, கோர்ட்டு பாஷையில் உரிமை கோரியிருக்கிறேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "லாயரை நிறுத்துங்கள்" என்றார். "எந்த லாயரை, துவான்?" என்று மரியாதையாகக் கேட்டேன். "இரண்டு பேரையும்" என்றார்.

அந்த வாரமே பில்லும் வந்தது. மரத்துக்கான லெட்டர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி. மரம் பல சீசனாகப் பழுத்துக் கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு வரியில் போயிருந்தது. யாருடையதோ ஒரு மரத்துக்காக. நான் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தராசு அறையில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் வீட்டைப் பற்றி ஒரு லெட்டர்கூடத் தொடங்கவில்லை. ஒரு மரத்துக்கே இவ்வளவு என்றால், வீட்டுக்கு வரும்போது வீட்டை விற்றுத்தான் பில்லைக் கட்ட வேண்டும். யாரும் என் கூரையைப் பிடுங்கத் தேவையில்லை, நானே ஓடு ஓடாகப் பிரித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குப் போன் போட்டேன். மாதக்கணக்கில் லாயர்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எடுத்தாள்.

"மரம் நம்மளுது இல்லையாம்" என்றேன்.

"தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"அந்த நோட்டீச நீங்கதான வீட்டுக்குக் கொண்டாந்து, எப்படி எழுதியிருக்கேன் பாருன்னு படிச்சுக் காட்டுனீங்க?"

"தெரிஞ்சுதான் பதில் லெட்டர் போட்டியா?"

"நீங்க போட்டீங்க. நான் விட்டுக் குடுப்பனா?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அவள் சிரிப்பதைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. அதற்காகத் திரும்பச் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். சிரிப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். சனிக்கிழமை காலை கோலா சாவா ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டே சந்திக்கலாம் என்று முடிவு செய்தோம். லாயர் இல்லாமல்.

அவள் ஒரு கோப்போடு வந்தாள். நான் அந்த மரத்து லெட்டரைக் கொண்டுபோனேன், அதன் பின்பக்கம் வெற்றுத்தாள். பசியாற ரொட்டி சானாய் கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, அதைத்தான் செய்தேன்.

"லோரிய நிறுக்குற மாதிரி நிறுப்போம்" என்றேன். "மொத்தத்த எழுதுவோம். அப்புறம் வெறும் லோரிய கழிச்சிருவோம். மிச்சத்துக்கு மட்டும் பேசுவோம்."

"வெறும் லோரின்னா?"

"கல்யாணத்துக்கு முன்ன உன்னுது, என்னுது. அப்புறம் நம்மளுதே இல்லாதது."

"மொதல்ல அந்த மரத்த கழிங்க" என்றாள்.

மரத்தைக் கழித்தேன். குத்துவிளக்கைக் கழித்தேன். அவள் அம்மா போட்ட நகையை அவளாகவே சொல்வதற்கு முன் கழித்தேன். அவள் என் அப்பா விட்டுப்போன கடிகாரத்தைக் கழித்தாள். மகள் பெயரில் போட்டு வைத்திருந்த சேமிப்பை இருவரும் ஒரே நேரத்தில் கழித்தோம். காராவோக்கே செட்டில் மட்டும் ஒரு நிமிடம் நின்றோம்.

"அது என்னுது" என்றேன்.

"உங்களுதுதான். எழுத்து மூலமா குடுக்கவா? அது அந்த வீட்டுக்குத் திரும்பி வராதுன்னு கையெழுத்து போட்டுக் குடுங்க, எனக்கு அது போதும்."

கழித்துக் கழித்து, ரொட்டி சானாய் தீர்வதற்குள், ஒரு வருடமாக லெட்டர் போட்ட சாமானெல்லாம் தாளிலிருந்து போய்விட்டன. மிச்சம் நின்றது நாலே வரி. வீடு, கார், சேர்ந்து போட்ட சேமிப்பு, ஆளுக்கொரு இபிஎஃப். கார் எனக்கு என்றாள், அவளுக்கு ஓட்டத் தெரியாது. இபிஎஃப் அவரவர் வைத்துக்கொள்வது என்றேன். என்னுடையது கொஞ்சம் கூட என்பது இருவருக்கும் தெரியும், அதனால் சேமிப்பில் அவளுக்குப் பெரிய பங்கு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நான் எதையோ மறைக்கிறேனா என்று.

பிறகு வீடு. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த இருவருக்கும் முகம் மாறியது.

"வீட்ட விக்கணும்னுதான நிக்கிறீங்க?" என்றாள். "அங்க நாலு புள்ளைங்கள பாத்துக்குறேன். அதுங்க அம்மாமாரெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் வேலைக்குப் போற பொம்பளைங்க, என்ன நம்பி விட்டுட்டுப் போறாங்க. வீட்ட வித்தா என் பொழப்பு போச்சு. அதுக்குத்தான் ஒரு வருசமா தூங்காம கெடக்கேன்."

அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் ஹாலில் கிடக்கும் பொம்மைகளைத் தாண்டித்தான் நடப்பேன். அது அவளுடைய வேலை, அந்த ஹால்தான் அவளுடைய ஆபீஸ் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"நான் விக்கச் சொல்லலியே" என்றேன்.

"அப்ப என்னாதான் வேணும் உங்களுக்கு?"

லாயரம்மா கேட்ட அதே கேள்வி. அன்று நியாயம் என்று பீற்றிக்கொண்டேன். ஒட்டுக்கடையில் அது வாயில் வரவில்லை. "வேல முடிஞ்சா குவாட்டர்ஸ காலி பண்ணனும். எனக்குப் போறதுக்கு எடமில்ல. அந்த பயந்தான்" என்றேன்.

அவள் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா? இதுக்கா கிரைண்டர தூக்கிட்டுப் போனீங்க?"

"பயத்துல என்னா செய்யிறதுன்னு தெரியல."

"கிரைண்டருக்குள்ளயா குடியிருப்பீங்க?"

அதன் பிறகு விறுவிறுவென்று போனது. வீடு அவளுக்கு. மிச்சக் கடன் அவள் பொறுப்பு. வீட்டின் இன்றைய விலையை மதிக்க ஒரே ஒரு நிபுணர், செலவு பாதிப் பாதி, அவர் சொல்வதை இருவரும் ஏற்பது. பேங்கில் வீட்டின் மேல் அவள் புதிதாகக் கடன் எடுத்து, என் பங்கை எனக்குக் கொடுப்பது. அதில் நான் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிக்கொள்வது. மாதத் தவணையை அவளால் சமாளிக்க முடியுமா என்று அங்கேயே கணக்குப் போட்டாள், முடியாதுபோல இருந்தது. இன்னும் இரண்டு குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டால் முடியும் என்றாள். என் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். தியாகம் ஒன்றுமில்லை, லாயர்களுக்குப் போக இருந்ததில் கால்வாசிகூட வராது.

லாயரம்மாவிடம் இருவரும் சேர்ந்து போனோம். மனைவி தன் லாயருக்கு அதுவரையுள்ள பில்லைக் கட்டி நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள். மரத்து லெட்டரின் பின்பக்கத்தை லாயரம்மாவிடம் நீட்டினேன். படித்தார். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பின்பக்கம்.

"அங்கிள், இந்தப் பக்கத்த மொதல்லயே எழுதியிருந்தா எனக்கு நட்டமாப் போயிருக்கும்" என்றார்.

ஒரு காரியம் மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார், அதற்குக் கொடுத்த காசு தகும். வீட்டை யார் பெயருக்கு, எத்தனை நாளைக்குள், எந்தச் செலவை யார் ஏற்று மாற்றுவது என்பதை எல்லாம் கோர்ட்டு உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும், வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு அதற்கென்று ஒரு தனி வழக்கு வரும் என்றார். எழுதினோம். பேங்க் கடன் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். அதற்கும் ஒரு வரி எழுதினோம். ஒட்டுக்கடையில் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

கோர்ட்டு நாளன்று கல்யாணத்துக்குப் போகிறவனைப்போல நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மனைவி என்னைப் பார்த்து, "பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றாள். உள்ளே நீதிபதியம்மா, யாராவது வற்புறுத்தினார்களா, சம்மதத்தோடுதானா என்று மலாயில் கேட்டார். "ஆமாம், கனம் நீதிபதி அவர்களே" என்று மலாயில் சொல்ல நான் முந்திய நாள் முழுக்கப் பயிற்சி எடுத்திருந்தேன். அவர் என் மனைவியைத்தான் முதலில் கேட்டார் என்று தெரியாமல், கோர்ட்டே அதிர "யா, யாங் அரிஃப்!" என்றேன். நீதிபதியம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மனைவி அமைதியாக, "எனக்கும் சம்மதந்தான்" என்றாள். மூன்று மாதம் கழித்து முடிவான உத்தரவு வந்தது.

அதற்குள் பேங்க் கடனுக்கும் சேர்ந்தேதான் அலைந்தோம். அங்கே ஒரு இளம்பெண், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த வயசுலயும் ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்து போடுறீங்க, ரொம்ப நல்லாருக்கு அங்கிள்" என்றாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றினாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. கடன் கிடைத்தது. அவளிடம் இப்போது ஆறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

ரந்தாவ் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்தேன். விற்பவர் ஒரு சீனக் கிழவர், மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு அறையாகக் காட்டினார். குழாயைத் திறந்து காட்டினார், மின்விசிறியைப் போட்டுக் காட்டினார். விலையில் பெரிய தகராறு இல்லை. அடுப்படியில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருந்தது, வேண்டுமென்றால் அதையும் தருகிறேன், தனி விலை என்றார். நான் குறைத்துக் கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டே மலாயில் விசாரித்தார்.

"எத்தனை பேர் இருப்பீர்கள்?"

"ஒருத்தன்தான். லீவுக்கு மகள் வருவாள்."

"மனைவி?"

"அவளுக்கு வீடு இருக்கிறது. அம்பாங்கானில்."

கிழவர் கண்ணை அகல விரித்தார். "வாஹ்! உனக்கு ஒரு வீடு, மனைவிக்கு ஒரு வீடா? பணக்காரன் லா நீ" என்று முதுகில் தட்டினார். பிறகு ஃபிரிட்ஜ் விலையில் ஒரு காசுகூடக் குறைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அவரைத் திருத்தவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.